நடுவில் சில ஆண்டுகள்



பிள்ளைப்பேறு, பெற்றோரின் நோய், அரசுத் தேர்வுப் படிப்பு, ஆட்குறைப்பு. இப்படி ஏதாவதொரு காரணத்தால் சில ஆண்டுகள் வேலையை விட்டு விலகியிருந்து, மறுபடியும் வேலை தேடுகிறவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறார்கள். நேர்காணலில் அவர்களுக்காகக் காத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: "நடுவுல ஏன் இவ்வளவு கேப்?"

நிர்வாகத்தினர் மனதில் அப்போது என்ன கணக்கு ஓடுகிறது? பொருளாதார அறிஞர்கள் மூவர் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கற்பனையான விண்ணப்பங்கள் சுமார் 12,000 தயாரித்து, ஏறத்தாழ 3,000 வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். 2013இல் முடிவு வெளியானது. வேலையில்லாத மாதங்கள் கூடக்கூட, நேர்காணல் அழைப்பு குறைந்தது. அந்தச் சரிவில் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே நடந்துவிட்டது. வேலை தாராளமாகக் கிடைக்கும் ஊர்களில் சரிவு இன்னும் கடுமை. எல்லோருக்கும் வேலை கிடைக்கிற ஊரில் இவருக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்ற சந்தேகம்தான் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். ஆளை நேரில் பார்க்கும் முன்பே சந்தேகம் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

விண்ணப்பத்தில் காரணம் சொல்லாமல் விட்டால் அந்தச் சந்தேகம் வளரும். தேதியைத் திருத்தினாலோ ஆபத்து அதைவிடப் பெரிது. வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். கணக்கில், எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். சரிபார்ப்பில் அது வெளிப்பட்டால், இடைவெளிக்காகப் போகாத வேலை பொய்க்காகப் போய்விடும்.

அதனால் உள்ளதை இரண்டே வரியில் எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண் இப்படி எழுதலாம்: "2020 முதல் 2023 வரை குழந்தை வளர்ப்பு. கடைசி ஆறு மாதம் டேலி, ஜி.எஸ்.டி. பயிற்சி; உறவினர் கடைக்கு மாதக் கணக்கு முடித்துக் கொடுத்தேன்." முதல் வரி காரணத்தைச் சொல்கிறது. இரண்டாவது வரி, கை இன்னும் வேலையில் பழகியிருக்கிறது என்று காட்டுகிறது. நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியது அந்த இரண்டாவது வரிதான். நோயின் விவரத்தையோ குடும்பச் சிக்கலையோ விரித்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்தவர்களும் கூனிக் குறுக வேண்டாம். பொதுப் பிரிவினருக்கே 32 வயதுவரை ஆறு முறை எழுத அனுமதி உண்டு. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் தேறுவது ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவில்தான். தேறாதவர்கள் எல்லோரும் அந்த ஆண்டுகளை வீணடித்தவர்களா என்ன?

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2017இல் செய்த சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம். குழந்தைக்குத் தாயின் தேவை 26 வாரத்தில் முடிந்துவிடுவதில்லை. இதை உணர்ந்துதான் டாடா குழுமம், வேலையை விட்ட பெண்கள் திரும்பி வர 2008இலேயே தனித் திட்டம் தொடங்கியது. சிறு நிறுவனங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. வந்தவரிடம் அரை நாள் வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். விட்டுப்போன ஆண்டுகளைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டாலும் தெரியாதது, அந்த அரை நாளில் தெரிந்துவிடும்.