வேடியப்பன் கல்லும் மால்டன் கரையும்

கிழக்கு லண்டனிலிருந்தும் எசெக்ஸிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருக்கும் உறவுகளே!

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவன். எங்கள் ஓசூர் என்றதும் உங்களுக்கு அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் நினைவுக்கு வரும். ராத்திரி ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எனக்கு உண்டு. வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். அவர்கள் சாசரும் ஸ்பென்சரும் படிக்கிறார்கள். "இன்டர்வியூவில் பேசுகிற மாதிரி இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தால் போதாதா சார்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பேச்சு ஆங்கிலமும் நாங்கள் சொல்லித்தருகிறோம். ஆனால் பழைய ஆங்கில இலக்கியம் இந்தப் பிள்ளைகளுக்குத் தூரத்துச் சரக்கு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் வாங்கும் கைடு வழியாக மட்டும் அதைக் காட்டுவதால்தான் அது தூரமாகிப் போகிறது.

சாசருக்கு முந்தைய காலம் பெரும்பாலும் இலக்கிய வரலாற்றுத் தாளில் சில பக்கங்களோடு முடிந்துவிடும். நான் அங்கே கொஞ்ச நாள் தங்குவேன். மால்டன் போர்ப் பாட்டைக் கதையாகச் சொல்வேன். கி.பி. 991. உங்கள் எசெக்ஸ்தான். வைக்கிங் படை ஆற்றுமுகத்துத் தீவில் வந்து இறங்கித் திறை கேட்கிறது. எசெக்ஸ் தலைவன் பிரித்நோத் தர மறுக்கிறான். நடுவில் ஏற்றத்தண்ணீர். அது வடிந்ததும் ஒற்றையடிக் கரைவழி வெளியே தெரிகிறது. எதிரியை அதன் வழியே கடந்துவர அவனே விட்டுவிடுகிறான், சண்டையில் விழுகிறான். காட்ரிக் என்பவன் தலைவனின் குதிரையிலேயே ஏறி ஓடிவிட, ஓடுவது தலைவன்தான் என்று நினைத்துப் பலர் கலைந்து போகிறார்கள். மிச்சப்பேர் நகரவில்லை. அவன் கையால் உண்டோம், அவன் பக்கத்திலேயே சாவோம் என்று நிற்கிறார்கள். செஞ்சோற்றுக் கடன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள்: "சார், இது எங்க ஊரு வேடியப்பன் கதை மாதிரியே இருக்கு."

வேடியப்பன் யார் என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். பக்கத்தில் போய்ப் பாருங்கள்: கையில் வில்லோ வாளோ, உடம்பில் தைத்த அம்பு, காலடியில் சின்னதாக மாடுகள். சில கற்களில் மூன்று அடுக்கு இருக்கும். கீழே சண்டை, நடுவில் தேவமாதர் வீரனைத் தூக்கிப் போவது, மேலே அவன் லிங்கத்தின் முன் அமர்ந்திருப்பது. பழைய கற்களில் வட்டெழுத்தில், இன்னார் தொறு மீட்டுப் பட்டான் என்று பெயரோடு வெட்டியிருக்கும். மாடு மீட்கப்போய்ச் செத்த ஒரு சேவகனுக்குப் பெயர் வெட்டிய மண் அது. அங்கே பிறந்த பிள்ளைக்கு மால்டனை விளக்க நோட்ஸ் தேவையில்லை.

அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்த கதையும் அவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. 1731இல், பழைய சுவடிகள் இருந்த காட்டன் நூலகத்தில் தீப்பிடித்தது. மால்டன் சுவடி எரிந்தே போயிற்று. முன்பே ஒருவர் பார்த்து எழுதிவைத்த படியால்தான் பாட்டு பிழைத்தது, அதுவும் தலையும் வாலும் இல்லாமல். இன்னொரு பழைய ஆங்கிலப் பாட்டான பேயோவுல்ஃபின் சுவடி ஓரம் கருகித் தப்பியது; இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. புறநானூற்றிலும் இரண்டு பாட்டு இல்லை, பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருக்கின்றன. உ.வே.சா. 1894இல் அதை அச்சில் கொண்டுவர எத்தனை ஏடுகளைத் தேடி அலைந்தார் என்று சொன்னால் வகுப்பு தானே நிமிர்ந்து உட்காரும்.

இந்த ஒப்பீட்டில் நமக்கு முன்னோடி உண்டு. கோலாலம்பூரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் படித்த க. கைலாசபதி, இதே நாட்டில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரப் பாடல்களோடு வைத்துப் பார்த்த 'தமிழ் ஹீரோயிக் பொயட்ரி' 1968இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்தது. ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் முதல் வருடமே தொட வேண்டிய புத்தகம் என்பது என் உறுதியான எண்ணம்.

சாசருக்கு வந்தால் ஓசூர்ப் பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், கம்பெனியில் இந்தியும் ஆங்கிலமும். சாசரின் நண்பரான கவிஞர் கவர் பிரெஞ்சு, லத்தீன், ஆங்கிலம் மூன்றிலும் நீண்ட கவிதை நூல் எழுதியவர் என்றால் அவர்கள் வியப்பதில்லை. சாசர் 1374 முதல் லண்டன் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி வேலைக்குப் போய்வரும் குடும்பத்துப் பிள்ளைக்கு, விதவிதமான ஆட்களை அவர் எங்கே பார்த்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்களிடம் பணம் கேட்டு வரவில்லை, ஒரு படம் கேட்டு வந்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் பலர் கடலையே பார்த்ததில்லை. ஏற்றமும் வற்றமும் அவர்களுக்கு வெறும் சொல். வைக்கிங் படை இறங்கியதாகச் சொல்லப்படும் நார்த்தி தீவுக்குப் போகும் கரைவழி இன்றும் தண்ணீரில் மூழ்கி எழுகிறது. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மால்டன் போங்கள். தண்ணீர் வடிந்து வழி தெரியும் வரைக்கும் நின்று படம் பிடித்து அனுப்புங்கள். ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். பதிலுக்கு எங்கள் மாணவர்கள் அவரவர் ஊர் வேடியப்பனைப் படம் எடுத்து, கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லி உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவார்கள். இன்றே பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் விழா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.