ஹால்ல இருந்து கடைசி ரூமுக்கு ஒரு ஒயர்

எங்களுக்கு வர்ற மெசேஜ்ல பாதி இதுதான்: "ப்ரோ, கடைசி ரூம்ல வைஃபை வரல, எந்த மெஷ் ரவுட்டர் வாங்கலாம்?" இன்னைக்கு அதுக்குப் பதில் சொல்றேன். ஆனா பதில் ரவுட்டர் இல்ல, ஒயர்.

சென்னை அபார்ட்மென்ட்ல ஃபைபர் எங்க வந்து இறங்குது? ஹால்ல, டிவி ஸ்டாண்ட் பக்கத்துல. கனெக்‌ஷன் கொடுக்க வர்றவருக்கு வாசல் கதவுல இருந்து அதுதான் கிட்ட. வேலை பார்க்கிற ஆள் உட்காருறது கடைசி பெட்ரூம்ல. நடுவுல ரெண்டு செங்கல் சுவர், ஒரு கான்கிரீட் தூண், அப்புறம் நம்ம பரம்பரைச் சொத்தான இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் இதையெல்லாம் தாண்டிப் போறதுக்குள்ள செத்துடும். 2.4 சுவரை ஓரளவு தாண்டும், ஆனா அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் அதே இடத்துலதான் நெரிசல்ல நிக்குது.

அதனால என்ன ஆகுது? ஆள் லேப்டாப்பைத் தூக்கிட்டு ஹாலுக்கு வந்துடுறாங்க. அப்புறம் மொத்த வீடும் அந்த மீட்டிங்ல இருக்கு. அப்பா நியூஸை மியூட்ல பார்க்கிறார். அம்மா அவங்க கிச்சன்லயே நின்னுக்கிட்டு, "மிக்ஸி போடலாமாப்பா?"ன்னு சைகையில பர்மிஷன் கேட்கிறாங்க. வருஷக்கணக்கா இப்படியே ஓடுற வீடுகள் எனக்குத் தெரியும். ஸ்பீடை விட இதுதான் எனக்குப் பெரிய பிரச்சினையாத் தெரியுது.

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். ஸ்பீட் டெஸ்ட் வேண்டாம், அது இந்த விஷயத்துல பொய் சொல்லும். 80 எம்பிபிஎஸ் காட்டும், ஆனா கால்ல குரல் உடையும். காலுக்கு வேகம் பெருசா தேவையில்ல, பாக்கெட் எல்லாம் சீரா வந்து சேரணும், அவ்வளவுதான். உங்க ரவுட்டரோட ஐபி முகவரிக்கே பிங் போடுங்க, ரெண்டு நிமிஷம் ஓடட்டும். ஹால்ல ரெண்டு மூணு மில்லிசெகண்ட் வந்து, பெட்ரூம்ல 5, 180, 12, 'டைம்டு அவுட்'னு தாவுச்சுன்னா, தகராறு வீட்டுக்குள்ளதான். கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி பிளானை உயர்த்தினா காசுதான் போகும்.

எக்ஸ்டெண்டர் பத்தி ஒரு வரி: ஒரே ரேடியோவுல வாங்கி, அதுலயே திருப்பி அனுப்புற மாடல்னா வேகம் கிட்டத்தட்ட பாதியாகும். கரண்ட் ஒயர் வழியா நெட் அனுப்புற பவர்லைன் அடாப்டர் சில வீட்டுல நல்லா ஓடும். ஆனா த்ரீ ஃபேஸ் வீட்டுல ஹால் ஒரு ஃபேஸ், பெட்ரூம் இன்னொரு ஃபேஸ்னு இருந்தா சொதப்பும். மெஷ் நல்ல விஷயம்தான். ஆனா அந்த ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஒயர் இருந்தா இன்னும் நல்லா ஓடும்.

சரி, ஒயரை எப்படிக் கொண்டு போறது? சுவரை உடைக்கணும்னு எல்லாரும் பயப்படுறாங்க. உங்க பெட்ரூம் சுவிட்ச் போர்டுல ஒரு டிவி பாயின்ட் இருக்கா பாருங்க. அந்தக் காலத்துல ஒவ்வொரு ரூமுக்கும் டிவி வரும்னு நினைச்சு பில்டர் சுவருக்குள்ள ஒரு பைப் விட்டிருப்பார். சில வீட்டுல டெலிபோனுக்குத் தனியா ஒண்ணு இருக்கும். பல வீட்டுல அது சும்மாதான் கிடக்கு. நமக்கு வேண்டியது அந்தப் பைப்தான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. டிவி பைப் ஹால்ல இருந்து நேரா பெட்ரூமுக்கு வராது. பெரும்பாலும் ரெண்டும் தனித்தனியா ஒரு பொது இடத்துக்குப் போகும்: பரண் மேல ஒரு ஜங்ஷன் பாக்ஸ், இல்ல வாசல் பக்கம், இல்ல மாடிக்கு ஏறுற டக்ட். ஜங்ஷன் வீட்டுக்குள்ளயே இருந்தா அதிர்ஷ்டம்: ஹால்ல இருந்து பாக்ஸ் வரை, அங்கிருந்து பெட்ரூம் வரை, ஒரே ஒயரை வெட்டாம இழுத்துடலாம். டக்ட்ல இருந்தா அசோசியேஷன்ல சொல்லிட்டுப் பண்ணுங்க, இல்லன்னா அடுத்த தடவை யாராவது "இது என்ன ஒயரு"ன்னு வெட்டிவிட்டுடுவாங்க.

உள்ள பழைய டிவி கேபிள் இருந்தா அதுவே இழுக்கிற கயிறு. அதோட நுனியில புது லேன் கேபிளை இன்சுலேஷன் டேப் போட்டு மெலிசா சுத்திக் கட்டுங்க. ஒருத்தர் இந்தப் பக்கம் தள்ளணும், இன்னொருத்தர் அந்தப் பக்கம் இழுக்கணும். கொஞ்சம் டால்கம் பவுடர் தடவினா வழுக்கிட்டுப் போகும். மல்லுக்கட்டி இழுக்காதீங்க, இந்தக் கேபிள் தாங்கற இழுவிசை சுமார் 11 கிலோதான். அதுக்கு மேல போனா உள்ள இருக்கிற முறுக்கு கெட்டுப்போகும். பைப் காலியா இருந்தா எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிடுங்க, பைப்புக்குள்ள விடுற ஸ்பிரிங் அவர்கிட்ட இருக்கும். கனெக்டரை மாட்டிட்டு இழுக்க முடியாது, பைப்புல நுழையாது. இழுத்த பிறகுதான் கிரிம்ப் பண்ணணும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். எலெக்ட்ரீஷியன், "கரண்ட் பைப்லயே இடம் இருக்கு தம்பி, அதுலயே விட்டுடலாம்"னு சொல்வார். வேண்டாம்ணேன்னு சொல்லிடுங்க. 230 வோல்ட் ஒயர்ல ஒரு இடத்துல தோல் உரிஞ்சிருந்தா, அந்தக் கரண்ட் உங்க லேப்டாப் வரைக்கும் வரலாம். எந்த போர்டைத் திறக்கிறதா இருந்தாலும் மெயினை ஆஃப் பண்ணிட்டுத் திறங்க.

கேபிள் எது? வீட்டுக்கு கேட் 5இ போதும். 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ் போகும், நம்ம வீடு அவ்வளவு நீளம் இல்ல. கேட் 6 வாங்கினாலும் சந்தோஷம், ஆனா அது தடிமன் அதிகம், பைப் வளைவுல முரண்டு பிடிக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க. அங்க கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "முழு காப்பரா, சிசிஏவா?" சிசிஏன்னா அலுமினியத்து மேல காப்பர் பூச்சு. விலை குறைவு, ஆனா சீக்கிரம் உடையும். பிளேடால கம்பியைச் சுரண்டினா உள்ள வெள்ளையாத் தெரியும், அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்க.

கிரிம்ப் பண்ண கலர் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ரெண்டு முனையிலயும் இதே. முறுக்கை அரை இன்ச்சுக்கு மேல பிரிக்காதீங்க. மாட்டினதும் லிங்க் ஸ்பீடைப் பாருங்க. 1000 வர வேண்டிய இடத்துல 100 காட்டினா, பெரும்பாலும் எட்டுல ஏதோ ஒரு கம்பி சரியா உட்காரல. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும், அதனால நெட் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகமே வராது. இன்னொரு காரணம், சில ஃபைபர் பெட்டியில ஒரு போர்ட் மட்டும்தான் கிகாபிட், மத்தது 100தான். போர்ட்டை மாத்திப் பாருங்க.

லேப்டாப்ல நேரா மாட்டலாம். போனுக்கும் வேணும்னா பரண்ல தூங்குற பழைய ரவுட்டரை இறக்குங்க. அதுல டிஹெச்சிபியை ஆஃப் பண்ணி, மெயின் ரவுட்டரோட மோதாத ஒரு ஐபி கொடுத்து, ஒயரை வான் போர்ட்ல இல்லாம லேன் போர்ட்ல சொருகுங்க. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் ஹால்ல இருக்கிறதே இருக்கட்டும். காசு செலவில்லாம கடைசி ரூம்ல முழுக் கட்டம் வரும்.

கீழ் வீட்டுல அப்பா அம்மா, மாடியில நீங்கன்னு இருக்கிறவங்களுக்குத் தனியா சொல்லணும். வெளிச்சுவர்ல கேபிளைத் தொங்கவிடுறீங்கன்னா, வெளியில போடுறதுக்குன்னே வர்ற கறுப்பு உறை கேபிளா வாங்குங்க. சாதா கேபிளோட உறை நம்ம வெயிலுக்கு வெடிச்சுடும். ஐப்பசி மழையில பக்கத்துல எங்கயாவது இடி விழுந்தாலே, வெளிய ஓடுற காப்பர் ஒயர் வழியா ரெண்டு பக்க போர்ட்டும் போயிடலாம். வெளிய போற தூரம் அதிகம்னா ஃபைபரா இழுக்கச் சொல்லுங்க, கண்ணாடி இழையில கரண்ட் ஓடாது.

வாடகை வீடுன்னா ஓனர் அங்கிளோட முதல் சட்டமே சுவர்ல ஆணி அடிக்கக் கூடாதுங்கிறதுதான். மேல சொன்ன முறையில ஆணியே தேவையில்லன்னு அவர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. மாடுலர் போர்டுல டிவி பாயின்டைக் கழட்டிட்டு அதே இடத்துல லேன் சாக்கெட் மாட்டலாம். கழட்டினதை ஒரு கவர்ல போட்டு அந்தப் பரண்லயே வைங்க. கேபிள் இழுக்கும்போது கூடவே ஒரு நைலான் நூலையும் சேர்த்து இழுத்து, ரெண்டு முனையிலயும் முடிச்சுப் போட்டு விட்டுடுங்க. நாளைக்கு இன்னொரு ஒயர் வேணும்னா ஸ்பிரிங் தேட வேண்டாம். வீடு காலி பண்ணும்போது கேபிளை உருவி எடுத்துட்டுப் போனாலும், நூலை மட்டும் உள்ளயே விட்டுட்டு வாங்க. அடுத்து வர்றவங்களும் கடைசி ரூம்லதான் உட்காரப் போறாங்க.