முற்றத்துக் கோழிக்கு என்ன தீனி?
திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் மாதிரி வீடுகள் நெருக்கமாக உள்ள பகுதியில் நாலைந்து கோழி வளர்ப்பவருக்கும் தீனிச் செலவுதான் கவலை. கோழி வளர்ப்பில் 100 ரூபாய் செலவானால் 60, 70 ரூபாய் தீனிக்கே போய்விடும். அதைக் குறைக்க ஒரு வழி சமையல் கழிவிலேயே இருக்கிறது.

2011 டிசம்பரில் நகரக் குப்பையைக் கையாண்ட விளப்பில்சாலை ஆலை மூடப்பட்ட பிறகு, சமையல் கழிவை வீட்டிலேயே தொட்டியில் மக்கவைக்கும் பழக்கம் இந்நகரில் பரவியது. அந்தத் தொட்டியில் நெளியும் தடித்த புழுக்களைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவை ‘பிளாக் சோல்ஜர்’ என்னும் கறுப்பு ஈயின் புழுக்கள். உலர்ந்த எடையில் சுமார் 40 சதவீதம் புரதம். கோழி விடுமா?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தப் புரதத் தீனிக்குக் கரையான் கைகொடுக்கிறது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் மண்ணில் மாலையில் கவிழ்த்துவைப்பார்கள். விடிந்ததும் குஞ்சுகளுக்குத் தீனி தயார்! தொட்டித் தண்ணீரில் வளரும் அசோலா என்னும் நீர்ச்செடியும் கொடுக்கலாம்.

மரவள்ளி இலையில் மட்டும் கவனம் வேண்டும். பச்சையாகப் போட்டால் அதிலுள்ள சயனைடு நஞ்சு கோழியைக் கொல்லக்கூடும். வெயிலில் நன்றாக உலர்த்தி, கொஞ்சமாகக் கலக்க வேண்டும். முட்டைக் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.