ஆனையிறவில் இறங்கிப் பார்ப்பவர்களுக்கு



ஏ9 வீதியால் வடக்கு நோக்கி வருகிறவர்களுக்குப் பரந்தன் தாண்டியதும் மரங்கள் குறைந்து வெளி விரியத் தொடங்கும். இரண்டு பக்கமும் தரவை, உப்புத் தண்ணீர், காலம் சரியாக இருந்தால் தூரத்தில் பூநாரைகள். அதுதான் ஆனையிறவு. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த ஆழமில்லாத நீரைக் கடக்கவைத்துக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். பிறகு அங்கே உப்பு விளைந்தது. 1990க்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே போர்தான் என்று ஆகிவிட்டது.

அந்த வீதியோரத்தில் ஒரு மேடைமேல் துருப்பிடித்த இயந்திரம் ஒன்று நிற்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

அது ஒரு புல்டோசர். காணி துப்புரவாக்கவும் வீதி போடவும் செய்யப்பட்ட வாகனம். சங்கிலிச் சில்லுகளுக்கு மேலே தடித்த இரும்புத் தகடுகளை ஒட்டி அதைக் கவச வண்டியாக மாற்றியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் வார்த்த பொருள் அல்ல அது. ஏதோ ஒரு பட்டறையில், மனிதக் கைகள் அவசரத்தில் பார்த்த வேலை.

1991 ஜூலை 10ஆம் திகதி விடுதலைப் புலிகள் ஆனையிறவு இராணுவ முகாமைத் தாக்கத் தொடங்கினார்கள். அந்தச் சமருக்கு அவர்கள் வைத்த பெயர் ஆகாய கடல் வெளி. அரசு, வெற்றிலைக்கேணிக் கரையில் படையை இறக்கி, பலவேகய என்ற பெயரில் முகாமை மீட்கப் போனது. ஜூலை 14ஆம் திகதி புலிகளின் இந்தப் புல்டோசர் முகாமின் அரணை நோக்கி வந்தபோது, சிங்கப் படைப்பிரிவின் 6ஆவது பற்றாலியனைச் சேர்ந்த காமினி குலரத்ன என்ற இளைஞர் கைக்குண்டுகளோடு ஓடி, அதன்மேல் ஏறி, அதை நிறுத்தினார். அங்கேயே உயிர் போனது. ஹசலக என்ற ஊர்ப் பிள்ளை என்பதால் ஹசலக காமினி என்று தெற்கில் சிறு பிள்ளைக்கும் தெரியும். இலங்கையின் அதியுயர் போர் விருதான பரம வீர விபூஷணய முதன்முதலில் அவருக்குத்தான் கிடைத்தது.

2009 ஜனவரியில் இராணுவம் ஆனையிறவை மறுபடி பிடித்தது. போர் முடிந்து வீதி திறந்ததும் இந்த இடம் பார்வையிடமாகிவிட்டது. நயினாதீவு நாகவிகாரைக்கு யாத்திரை வருகிற தெற்கத்தி பஸ்கள் இங்கே நிற்கும். அம்மாமார் வெள்ளைச் சேலையோடு இறங்குவார்கள், பிள்ளைகள் இயந்திரத்துக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள், சிலர் கைகூப்புவார்கள். இன்னும் கொஞ்சம் வடக்கே, பெரிய கைகள் இலங்கைத் தீவைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு நினைவுத்தூண். கிளிநொச்சியில், குண்டு துளைத்து வெடித்த சாம்பல் நிறச் சுவரின் தலையில் தாமரை. போர் முடிந்த கையோடு அதே நகரில், குப்புற விழுந்த தண்ணீர்த் தாங்கியையும் பயணிகள் பார்க்கவென்று விட்டுவைத்தார்கள். புதுக்குடியிருப்பில் புலிகளின் படகுகளையும் நீர்மூழ்கிகளையும் வெட்டவெளியில் வரிசையாக வைத்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகை எழுதியிருந்தார்கள்.

எங்கள் யாழ்ப்பாணத்து பஸ்கள் ஆனையிறவில் அநேகமாக நிற்பதில்லை. ஜன்னலோரம் இருப்பவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த முகத்திருப்பலில் கோபம் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. 2000 ஏப்ரலில் புலிகள் ஆனையிறவைப் பிடித்தார்கள். அதற்குப் பின்வந்த சமாதான காலத்தில், உடைந்துபோன இராணுவ டாங்கியைப் பார்க்க எங்கள் ஆட்களும் இதே வீதியில் இறங்கினார்கள். பிள்ளைகளைத் தூக்கிவைத்துப் படம் எடுத்தார்கள். கை மாறியபோது இரும்பும் மாறியது. காட்டுகிற விதம் மாறவில்லை.

காமினி குலரத்னவின் தாய்க்கு வந்த துக்கம் உண்மையானது. அதற்கு ஒரு இடம் இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். அந்தச் சமரில் மட்டும் இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். உள்ளே இருந்த பிள்ளையின் தாய் இன்று எங்கே போய் விளக்கு வைப்பது? புலிப் போராளிகளைப் புதைத்த கோப்பாய்த் துயிலும் இல்லத்தின் கல்லறைகளை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த நிலத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகத்தைக் கட்டி 2011இல் திறந்தார்கள். ஒவ்வொரு நவம்பர் 27ஆம் திகதி மாவீரர் நாளிலும் அதற்கு வெளியே, வீதிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் தாய்மார் அழுகிறார்கள். ஒரு தாய்க்கு மேடை, இன்னொரு தாய்க்கு வீதியோரம் என்பது நீதியில்லை. இதை நான் இரண்டு மொழியிலும் சொல்லத் தயார்.

போரை வேறு விதமாகக் காட்டுகிற இடம் ஒன்றையும் பார்த்திருக்கிறேன். பிரான்சில் இருக்கிற உறவுக்காரரிடம் போயிருந்த சமயம், பரிசிலிருந்து ரயிலில் லிமோஜ் நகரத்துக்குப் போய், அங்கிருந்து ஒராதூர்-சுர்-கிளான் என்ற கிராமத்தைப் பார்த்தேன். 1944 ஜூன் 10ஆம் திகதி ஜேர்மன் எஸ்எஸ் படை அந்தக் கிராமத்துக்குள் வந்தது. ஆண்களைக் களஞ்சியங்களில் அடைத்துச் சுட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துக் கொளுத்தினார்கள். ஒரே பின்னேரத்தில் 640க்கும் மேற்பட்டவர்கள். இடிபாடு அப்படியே கிடக்கட்டும், புதுக் கிராமத்தைப் பக்கத்தில் கட்டுவோம் என்று போருக்குப் பிறகு முடிவெடுத்தார்கள். அந்தக் கிராமம் முழுவதுமே இன்று ஒரு திறந்தவெளி நூதனசாலை.

அங்கே பீரங்கி இல்லை, டாங்கி இல்லை. கூரையில்லாத வீடுகள். தெருவில் டிராம் தண்டவாளம். ஒரு கார், எலும்புக்கூடு மாதிரி. பேக்கரியின் போறணை. வீட்டுக்கு வீடு தையல் மெசின்கள், மரப்பலகை எரிந்துபோய் இரும்பு மட்டும் மிஞ்சியபடி. தேவாலயத்துக்குள் ஒரு குழந்தை வண்டியின் சட்டம். என்னோடு வந்த உறவுக்காரப் பெண் ஒரு தையல் மெசினுக்கு முன்னால் அசையாமல் நின்றுவிட்டா. அவ மானிப்பாய்க்காரி. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் தாயின் மெசினை விட்டுவிட்டு ஓடியவ. "அண்ணை, எங்கட வீட்டு மெசின் எங்க போயிருக்கும்?" என்று கேட்டா. நான் என்ன பதில் சொல்ல?

ஒராதூரிலும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 1953இல் போர்தோ நகரில் வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட படையாட்களில் பலர் பிரான்சின் அல்சாஸ் மாகாணத்து ஆட்கள். தீர்ப்பு வந்த கையோடு நாடாளுமன்றம் அவர்களுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தது. கிராமம் கொதித்துப்போனது. அரசாங்கம் கட்டிய நினைவுமண்டபத்தில் சாம்பலை வைக்க மாட்டோம் என்று குடும்பங்கள் மறுத்து, மயானத்தில் தாங்களே வேறு நினைவிடம் அமைத்தார்கள். பல வருடம் அரச பிரதிநிதிகளுக்கு அந்த ஊரில் வரவேற்பு இல்லை. செத்தவர்கள் யாருடையவர்கள் என்ற வழக்கு எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்று அங்கேதான் விளங்கியது.

இனி எங்கள் பக்கம் வருகிறேன்.

போர் எங்களுக்குப் பெரும்பாலும் இரும்பாக வரவில்லை, நேயர்களே. 1990 ஜூனில் மின்சாரம் நின்றது, யாழ்தேவி ரயில் நின்றது, பிறகு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சவுக்காரம் இல்லை, மெழுகுதிரி இல்லை. மண்ணெண்ணெய் அருமருந்து. அந்த நாளில் எங்கள் சனம் கண்டுபிடித்தவை ஒன்றா இரண்டா? ஜாம் போத்தலை எடுத்து, அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அதில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் நூல் திரியைக் கோத்து, கம்பியால் கட்டி நிறுத்தினார்கள். சுடர் ஒரு நெல்மணி அளவு. கண்ணாடி காற்றை மறைக்கும், எண்ணெயும் மிச்சம். அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகள் இன்று லண்டனிலும் டொரன்டோவிலும் வைத்தியர்கள், பொறியியலாளர்கள்.

வானொலி கேட்ட கதையை வானொலியிலேயே சொல்லாமல் விடலாமா? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரோடு அணைத்து, வயரை றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்றுவார். மற்றவர்கள் சுற்றி இருந்து பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்பார்கள். சுற்றுகிற கை தளர்ந்தால் குரல் அமுங்கும். "சுத்து, சுத்து" என்று நாலு பேர் கத்துவார்கள். எங்கே ஷெல் விழுந்தது, கிளாலிக் கடல்வழியால் ஆட்கள் போகிறார்களா, பேச்சுவார்த்தை வருமா, எல்லாம் அந்தச் சில்லு சுற்றிய சக்தியில்தான் வீட்டுக்கு வந்தது. பொம்மர் இரைச்சல் கேட்டால் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு பங்கருக்குள் ஓட வேண்டும்.

பங்கர். ஒவ்வொரு வளவிலும் ஒன்று. ஆள் உயரத்துக்கு வெட்டிய குழி, மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. குண்டுச் சிதறல் நேரே உள்ளே வரக்கூடாதென்று வாசலைத் திருப்பி வெட்டுவார்கள். கொழும்பு ரயில் ஓடிய தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும்கூட இரண்டு தரப்பின் காவலரண்களுக்குள் போய்விட்டன. 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. வன்னியில் கடைசி மாதங்களில் கூறைச் சேலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்தார்கள். பட்டுச் சேலைக்குள் மண் நிரப்பிப் பிள்ளைகளுக்கு மேலே அடுக்கிய தாயின் நிலையை எந்தப் பீரங்கி சொல்லும்?

வளவுகளில் இருந்த அந்த பங்கர்களை நாங்களே மூடிவிட்டோம். ஏன் என்று எனக்கு விளங்குகிறது. மழைக்குத் தண்ணீர் நிற்கும், பாம்பு இருக்கும், பிள்ளை விழுந்துவிடும், அதோடு யாருக்கு அதைத் தினமும் பார்க்க மனம் வரும்? ஆனாலும் ஒன்றிரண்டையாவது விட்டுவைத்திருக்கலாம். இருபது வயதுப் பிள்ளைக்கு பங்கர் என்றால் இன்று வெறும் கதைதான்.

ஒராதூரைப் போல ஒரு திறந்தவெளி முற்றம் யாழ்ப்பாணத்துக்கு வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பழைய பூங்காவுக்குப் பக்கத்தில் பழைய கச்சேரிக் கட்டடம் கூரையில்லாமல் நிற்கிறது. அதுவே போரில் அடிபட்ட கட்டடம். சுவர்களை முண்டுகொடுத்து நிறுத்தி, வளவில் பங்கர் ஒன்றைப் பழையபடி வெட்டி, பக்கத்தில் தலைகீழ்ச் சைக்கிளை வைத்து, ஜாம் போத்தல் விளக்கையும் வைக்கலாம். மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர் ஒன்றும் வேண்டும். சிறு போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு அதை ஸ்டார்ட் பண்ணிக் காட்டக்கூடிய ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் நிறுவனத்தின் கீழ் முழங்காலில் இருந்து மண்ணை விரல்விரலாகக் கிளறுகிற எங்கள் பெண்களின் கருவிகளும் அங்கே வரவேண்டும். நாவற்குழியில் சிவபூமி அறக்கட்டளை எங்கள் பழைய வீட்டுப் பாவனைப் பொருட்களைச் சேர்த்து அரும்பொருட்காட்சியகம் அமைத்திருக்கிறது. ஆகவே இது முடியாத காரியமில்லை. எழுத்து மூன்று மொழியிலும் இருக்கவேண்டும். தெற்கிலிருந்து வருகிற அந்த வெள்ளைச் சேலை அம்மா தன் மொழியில் வாசித்தால்தான் விளக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பா.

இந்த முற்றத்தில் எங்களுக்கு நோகிற மூலையும் இருக்கவேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகச் சோனகத் தெருவில் வாழ்ந்தவர்கள் கையில் கிடைத்ததோடு புத்தளம் பக்கம் போனார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்துச் சனம் கொட்டும் மழையில் செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்தது. இரண்டாவதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். முதலாவதை மெதுவாகக்கூடச் சொல்வதில்லை. சோனகத் தெருவில் பூட்டிவிட்டுப் போன ஒரு வீட்டின் திறப்பும் அந்த முற்றத்தில் தொங்காவிட்டால், எங்கள் தையல் மெசினைப் பற்றிக் கேட்கும் உரிமை எங்களுக்குக் குறைந்துபோகும்.

நூதனசாலை வரும்போது வரட்டும், பொருட்கள் அதுவரை காத்திருக்காது. போருக்குப் பிறகு பழைய இரும்பு வாங்குகிற லொறிகள் வன்னியிலிருந்து எவ்வளவைக் கொண்டுபோயின என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் கொட்டிலில், பரணில், பழைய றங்குப்பெட்டியில் ஏதாவது இருக்கும். டைனமோ, ஜாம் போத்தல், இடம்பெயர்ந்த குடும்ப அட்டை, நிவாரணம் வாங்கிய சாக்கு. அதை விற்க முன்னம் ஒரு துண்டுக் கடதாசியில் யாருடையது, எந்த ஊரில், எந்த ஆண்டில், எதற்குப் பாவித்தது என்று எழுதி, நூலால் கட்டிவிடுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பேனையைவிடப் பென்சில் நல்லது, எங்கள் ஊர் மாரியில் மை ஊறிவிடும்.