கீறல் விழாத தாங்கி

 

இந்தக் கருத்தரங்கில் நம் பொருள் கணுக்கால்-பாதத் தாங்கி; நம் வாய்வழக்கில் ஏ.எஃப்.ஓ. ஒரு மஞ்சள் பையிலிருந்து தொடங்குகிறேன்.

பக்கவாதம் வந்து ஆறு மாதமான ஓர் அம்மா, பாதத்தை இழுத்து இழுத்து என் அறைக்குள் வந்தார். நான் எழுதிக் கொடுத்த தாங்கி காலில் இல்லை, கையிலிருந்த மஞ்சள் பையில் இருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. கேட்டேன். “வீட்டுக்குள்ள செருப்பு போடமாட்டோம் டாக்டர். இதை மட்டும் மாட்டிக்கிட்டு நடந்தா முட்டி பின்னால போகுது, தரையில வழுக்குது” என்றார். அதற்கு முந்தைய வருகையில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதியவன் நான்தான்.

அவர் சொன்னதில் ஒரு பாடமே இருந்தது. நடக்கும்போது ஒரு பாதம் ஏறக்குறைய 60 விழுக்காடு நேரம் தரையிலும் 40 விழுக்காடு நேரம் காற்றிலும் இருக்கிறது. காற்றில் வீசிச் செல்லும்போது பாதத்தின் முன்பகுதி தரையைத் தாண்டும் இடைவெளி ஓரிரு சென்டிமீட்டர்தான். கணைக்காலின் முன்தசை சோர்ந்தால் அந்த இடைவெளி போய்விடும். விரல்கள் தரையில் தட்டும். தாங்கி பாதத்தைத் தூக்கிப் பிடித்து அதை மீட்டுத் தருகிறது. அதே தாங்கி, கால் ஊன்றியதும் முழங்காலையும் ஆளத் தொடங்குகிறது. ஷூவின் குதி உயரத்தைக் கணக்கில் வைத்து வார்த்த தாங்கியை ஷூ இல்லாமல் மாட்டினால், கணைக்கால் பின்னால் சாய்கிறது. முழங்காலும் பின்னுக்குப் போகிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் ஊரில், நம் வைத்தியம் வாசலோடு நின்றுவிடுகிறது.

போலியோ காலத்தில் இரும்புக் கம்பியும் தோல் வாரும் பூட்ஸும் சேர்ந்த காலிபரைப் பார்த்தோம். 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. காலிபர் இருந்த இடத்துக்குப் பாலிபுரொப்பிலீன் வந்துவிட்டது. பக்கவாதம், நரம்புக் காயம், மூளை முடக்குவாதம் என நம்மிடம் வருவோரும் மாறிவிட்டார்கள். ஆனால் வாசற்படி மாறவில்லை. அதைத் தன் உடலாலேயே அறிந்த ஒருவர் இருந்தார். 1954இல் விபத்தில் கீழுடல் செயலிழந்த பின்னும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர் வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ். பின்னர் அங்கே மறுவாழ்வு மருத்துவத்தைக் கட்டி எழுப்பியவரும் அவரே. ஒரு படிக்கட்டு எவ்வளவு உயரம் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மாவுக்கட்டில் கால் அச்சு எடுக்குமுன் வீட்டைக் கேளுங்கள்: என்ன தரை, எத்தனை படி, எந்த வகைக் கழிப்பறை? அடுத்து, பிளாஸ்டிக்கின் ஓரத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கணுக்கால் புடைப்புக்குப் பின்னால் வெட்டினால் தாங்கி வளைந்து கொடுக்கும். முன்னால் விட்டால் விறைத்து நிற்கும். ஒரு விரல் அகலத்தில் நடையே மாறிவிடும். மூன்றாவதாக, உணர்ச்சி குறைந்த காலுக்குக் கண்தான் காவல். தாங்கியைக் கழற்றி அரை மணி நேரமாகியும் தோலின் சிவப்பு மறையவில்லை என்றால், அதை மாட்டாமல் நம்மிடம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவின் தாங்கிக்கு அடியில், ஷூவின் குதி உயரத்துக்குச் சமமாக ரப்பர் ஒட்டி, வீட்டுக்கென்றே சரிசெய்து கொடுத்தோம். அடுத்த முறை அதை மாட்டிக்கொண்டே வந்தார். கழற்றித் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, ஓரமெங்கும் கீறல், வாரில் மஞ்சள் கறை. “சமையல்கட்டுல நிக்கறேன் டாக்டர்” என்றார்.

இன்று வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையையும் அந்தச் சமையல்கட்டில் நிறுத்திப் பாருங்கள் என்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.