தறிக் கணக்கும் கொழுந்துக் கணக்கும்



கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனை. கைத்தறிச் சாரனுக்குப் பேர்போன ஊர். 2004 சுனாமி அடித்த கரை அது. பிறகும் தறிகள் ஓடுகின்றன. நாங்கள் போயிருந்தபோது தறிக்கார நானா ஒருவர் சொன்னார்: "மழைக்கு சாயநூல் காயாது. அன்டைக்கு சாரன் குறையும். அதச் சோம்பல்னு எழுதலாமா தம்பி?"

இதற்கு ஒரு கணக்கு முறை உண்டு. 1924-இல் அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் என்பவர், தொலைபேசிச் சாமான் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பனிக்காக வரைந்தது. நடுவே சராசரிக் கோடு. மேலே ஒன்று, கீழே ஒன்று எல்லைக் கோடு. தினசரிக் கணக்கைப் புள்ளியாக வையுங்கள். எல்லைக்குள் ஏறி இறங்குவது வழமை. ஆளைக் குறை சொல்லக்கூடாது. வெளியே போனால் காரணம் தேட வேண்டும்.

நம்ம பெக்டரியில் 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறக்குறைய 22 கிலோ தூள் விழும். மழையில் கொழுந்தோடு தண்ணீரும் நிறுவைக்கு வரும், தூள் குறையும். அதற்காகத்தான் தண்ணீர்க் கழிவு. சரிதான். ஆனால் வெயிலிலும் அதே கழிவைக் கழித்தால்? எழுதிய 100 கிலோவுக்கு 25 கிலோ விழும்! புள்ளி மேல்கோட்டைத் தாண்டும். கொழுந்து வந்தது கூட, உங்கள் பேரில் எழுதியது குறைய.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் இப்படித்தான் நடந்தது. கொப்பி இல்லாததால் யாராலும் பேச முடியவில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் திகதி, மழையா வெயிலா, நிறுவை, கழிவு நாலையும் எழுதுங்கள். பிள்ளைகள் எழுதட்டும். மாத முடிவில் கொண்டு வாருங்கள். பெக்டரிக் கணக்கை நாங்கள் கேட்டு வாங்கி, சேர்ந்து புள்ளி வைப்போம்.