நோயுற்றோரே கூடும் சங்கம் வேண்டும்

(மாத்தளை மாவட்டத் தமிழ் மக்கள் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் நின்று நாம் வழக்கமாகப் பேசும் பொருள்கள் நிலம், மொழி, கூலி, வாக்குரிமை என்பன. இன்று பேச எழுந்திருப்பது வேறொன்று. அது வீட்டின் உள்ளறையில் மறைத்து வைக்கப்படுவது; கல்யாணப் பேச்சு நடக்கும்போது எவரும் வாய் திறவாதது. மனம் நோயுற்றவர்களைப் பற்றியே இன்று பேசுகின்றோம். "இதிலே அரசியல் எங்கே வந்தது?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு குற்றமும் செய்யாத ஒருவனைப் பிடித்துப் பூட்டி வைக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது அரசியற் கேள்வி அன்றோ?

சட்டத்திலிருந்தே தொடங்குவோம், அது எமது தொழில். 1873ஆம் ஆண்டில், விக்டோரியா மகாராணியாரின் ஆட்சியில், சித்த சுவாதீனமற்றோர் பற்றிய கட்டளைச் சட்டமொன்று இந்நாட்டில் இயற்றப்பட்டது. பிற்காலத்தில் அது திருத்தம் பெற்றது. 'பைத்தியம்' என்ற சொல் போய் 'மனநோய்' என்ற சொல் ஏறிற்று. பெயர் மாறிற்றேயன்றி உடல் மாறவில்லை. ஒருவர் சித்த சுவாதீனமற்றவர் என்று விண்ணப்பம் வந்தால் மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கும். வைத்தியரின் சாட்சியத்தைக் கேட்கும். அடைத்து வைக்குமாறு கட்டளையிடும். கள்வனுக்கு இத்தனை மாதச் சிறை என்று தீர்ப்பிலே எழுதப்படுகின்றது. நோயாளருக்கோ விடுதலை நாள் எழுதப்படுவதில்லை.

2005ஆம் ஆண்டில் அரசாங்கம் மனநலக் கொள்கையொன்றை வகுத்தது. பெருவைத்தியசாலையின் மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்த சேவை ஊர்தோறும் பரவல் வேண்டும், புதிய சட்டம் வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதிற்று. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதி செய்தது. அதன் 12ஆம் உறுப்புரை அவர்களைச் சட்டத்தின் முன் முழு ஆளாக ஏற்கின்றது. 14ஆம் உறுப்புரை குறைபாட்டையே காரணமாக வைத்து எவருடைய சுதந்திரத்தையும் பறித்தல் ஆகாது என்கின்றது. கையொப்பம் ஜெனிவாவுக்கும் நியூயோர்க்குக்கும் காட்டப்பட்டது. அதே நாளில் எமது சட்டப் புத்தகத்தில் இருந்ததோ 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டந்தான்.

விவசாயப் பெருமக்கள் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். சித்த சுவாதீனமற்றவர் எனத் தீர்க்கப்பட்டவரின் சொத்தை நிர்வகிக்க வேறொருவரை நியமிப்பதற்கு எமது சிவில் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் இடமுண்டு. நோயாளரைக் காக்கவே அந்த ஏற்பாடு வகுக்கப்பட்டது. ஆயினும் மிளகுக்கொடி படர்ந்த இரண்டு ஏக்கர் நிலம் எங்கே இருக்கின்றதோ, அங்கே "அண்ணனுக்குப் புத்தி சரியில்லை" என்ற பேச்சும் விரைவிலே முளைக்கின்றது. வழக்கறிஞர் தொழில் செய்வோர் இதனை அறிவர், வெளியே சொல்வதில்லை.

'அங்கொடை' என்ற ஊர்ப்பெயர் தமிழருக்கும் சிங்களவருக்கும் வசைச் சொல்லாயிற்று. அங்கே ஆஸ்பத்திரி எழுந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகின்றன. அது இப்போது தேசிய மனநல நிறுவனம் என்று பெயர் பெற்று, நல்ல வைத்தியர்களும் தாதியரும் உழைக்கும் இடமாக இருக்கின்றது. அவர்களை நாம் பழிக்கவில்லை. ஆயின் பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையை நோக்கி "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று சொல்லுமளவும், அந்தப் பிள்ளையின் தாய் தன் நோயை எவரிடம் சொல்வாள்?

எமது காரியாலயத்துக்கு ஒரு தாய் வந்தார். இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவர். இருபத்து மூன்று வயது மகனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கியிருந்தன. கோடாங்கியிடம் போனார்கள், பின்னர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கேள்வி ஒரு மொழியில், விடை ஒரு மொழியில். இடையில் நின்று மொழிபெயர்த்தவர் காவற்காரர். ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்து ஒரு பை நிறைய மாத்திரை கிடைத்தது. "அந்தக் குரல் என்ன சொல்கின்றது என்று என் பிள்ளையிடம் ஒருவரும் கேட்கவில்லை, ஐயா" என்றார் அந்தத் தாய். கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் அதே லயத்தில் கடைசிக் காம்பிராவில் இருந்த ஒரு பெரியவர். இளமையில் தாமும் அவ்வாறே குரல் கேட்டவர். மாலைதோறும் வந்து அந்தப் பையனோடு திண்ணையில் அமர்ந்து, "எனக்கும் இப்படித்தான் இருந்தது, தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மருந்து நின்றுவிடவில்லை. ஆனாற் பையன் அதுவரை உண்ணாத சோற்றை உண்ணத் தொடங்கினான்.

அந்தப் பெரியவர் செய்த காரியத்துக்கு உலகெங்கும் இப்போது இயக்கங்கள் உண்டு. ஜூடி சேம்பர்லின் என்னும் அமெரிக்க அம்மையார் கருச்சிதைவின் பின் துயருற்று, 1966இல் மனநோய் ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டார். வெளியே வந்து தம்மைப் போன்றோரை ஒன்று சேர்த்தார். நோயுற்றவர்கள் தாமே நடத்தும் நிலையங்கள் வேண்டுமென்று 1978இல் நூல் எழுதினார். ஒல்லாந்திலே மாரியஸ் றோம் என்ற மனநோய் வைத்தியரிடம் பற்சி ஹேக் என்ற நோயாளி, "நான் கேட்கும் குரல்களை நீங்கள் ஏன் நம்ப மறுக்கின்றீர்கள்?" என்ற வகையில் வாதாடினார். இருவரும் 1987இல் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்போர் எழுதுக என்று அழைத்தனர். குரல் கேட்போர் நானூற்றைம்பது பேரளவில் மறுமொழி அனுப்பினர். அவர்களில் ஏறக்குறைய நூற்றைம்பது பேர் அக்குரல்களோடு தாம் சமாளித்து வாழ்வதாகச் சொன்னார்கள்! வைத்தியருக்கே அது புதிய செய்தி. ஏனெனிற் சமாளித்து வாழ்பவர் வைத்தியரிடம் போவதில்லை. சமாளிக்கும் வழியைச் சமாளிப்பவரே மற்றவருக்குச் சொல்லட்டும் என்று அன்று தொடங்கிய கூட்டங்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. குடியை விட முயல்வோர் தமக்குள் நடத்தும் கூட்டங்கள் இவற்றுக்கும் முந்தியவை. 1935இல் அமெரிக்காவில் இரு குடிகாரர் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதிலிருந்து அவை பிறந்தன.

"இவை வெள்ளைக்காரர் கதைகள், நமக்கு எதற்கு?" என்பீர்களாயின், அயலிலேயே பாருங்கள். நான்சி வாக்ஸ்லர் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டிப் பகுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1979இல் தம் முடிவை வெளியிட்டார். கடும் மனநோய் என்று பெயரிடப்பட்டோருட் பலர், செல்வ நாடுகளில் உள்ளோரைவிட நன்றாகத் தேறியிருந்தனர். நோய் வந்தது போய்விடும் என்று குடும்பத்தார் எதிர்பார்த்ததும், தேறியவரை மீண்டும் வேலைக்கும் வீட்டுக்கும் ஏற்றதும் அதற்குப் பெருங் காரணம் என்பது அவர் கருத்து. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பெங்களூர் மனநல நிறுவனத்தார் ஆராய்ந்து 2002இல் எழுதினர். தங்கிய காலம் சராசரி ஆறு வாரம். சிறப்பான சடங்கோ மருந்தோ இல்லை. உறவினரோடு தங்கிக் கோயிற் பணியிற் பங்குகொண்டனர். நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

கோயில் என்றவுடன் கைகூப்பிவிடவும் வேண்டாம். அதே தமிழ்நாட்டில், ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையிற் கொட்டகையொன்று தீப்பற்றியது. தர்காவை நம்பிக் கொண்டுவரப்பட்டு, கொட்டகையிற் சங்கிலியாற் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். ஓட முடியாமல் மாண்டனர். ஆகவே ஆஸ்பத்திரிக்கு வெளியே இருப்பதெல்லாம் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. பூட்டும் சங்கிலியும் எங்கே இருந்தாலும் அவற்றை எதிர்க்கின்றோம். அரச முத்திரை குத்திய பூட்டாயினும் சரி, திருநீறு பூசிய சங்கிலியாயினும் சரி.

இம்மாவட்டத்தின் மனத்திலே எத்தனை காயங்கள்! தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்து, வழியில் மாண்டோரைப் புதைத்து, மிஞ்சியோர் வந்து சேர்ந்த மண் மாத்தளை. அந்த நடையை நினைவு கூர்ந்து 2023இல், யூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்து வந்தனர். 1977இலும் 1983இலும் இந்நகரிலும் தோட்டங்களிலும் தீ மூண்டது. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. சிங்களச் சகோதரருக்கும் தனிக் காயமுண்டு. 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி நிலத்தைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. நூற்றைம்பதுக்கு மேற்பட்டவை எடுக்கப்பட்டன. எந்தக் காலத்தவை என்பதில் வல்லுநர் கருத்துகள் ஒன்றோடொன்று மோதின. 1989ஆம் ஆண்டளவிற் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரோ, கிடங்கின் ஓரத்தில் ஒருவர் கையை மற்றவர் பற்றிக்கொண்டு நின்றனர். எந்த மாத்திரை அந்தக் கைக்கு ஈடாகும்?

பயிர்செய்வோருக்கு ஒரு செய்தி. 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் வீதம் தற்கொலை செய்தனர். உலகிலே மிக உயர்ந்த தொகைகளில் அது ஒன்று. பூச்சிமருந்தே பெருங்கருவி. பின்னர் அத்தொகை ஏறத்தாழ மூன்றிலொன்றுக்கும் கீழே இறங்கிற்று. இறக்கியது எது? 1984 முதல் படிப்படியாக மிகக் கொடிய நஞ்சுகளைத் தடை செய்ததே முதற் காரணம் என்று ஆராய்ந்தோர் சொல்கின்றனர். 1995க்கும் 2015க்கும் இடையில் 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக மதிப்பிட்டனர். வெறும் விற்பனைத் தடை அவ்வளவு உயிரைக் காத்தது! தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக நிறுத்திய தண்டனைச் சட்டப் பிரிவும் 1998இல் நீங்கிற்று. அதன் பொருளை ஊரிற் பரப்புங்கள். பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பொலிசுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நஞ்சுப் போத்தலை வீட்டுக் கூரையிற் செருகி வைக்கும் வழக்கத்தையும் விடுங்கள்; பூட்டிய பெட்டியில் வைத்து, சாவியை வேறொருவர் கையிற் கொடுங்கள்.

இனிக் காரியத்துக்கு வருவோம். எந்தத் தோட்டத்தில், எந்தக் கிராமத்தில் மரண உதவிச் சங்கம் இல்லை? மாதச் சந்தா கொடுக்கின்றோம். சாவு விழுந்தால் கூடாரம் வருகின்றது, கதிரை வருகின்றது, தேநீர் வருகின்றது, இரவு முழுவதும் விழித்திருக்க ஆள் வருகின்றது. அதற்கு எந்தத் துரையின் உத்தரவும் வேண்டியிருக்கவில்லை. செத்தவனுக்காக விழித்திருக்க முப்பது பேர் உண்டு. நித்திரையின்றி உழலும் உயிருள்ளவனோடு விழித்திருக்க ஒருவருமில்லை. அதே கணக்குப் புத்தகத்தில் இன்னொரு பக்கம் திறவுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

ஒன்றிலே மட்டும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். அந்தச் சங்கத்தின் தலைவரும் செயலாளரும் தனாதிகாரியும் நோயை அனுபவித்தவர்களாகவே இருத்தல் வேண்டும். ஆசிரியர் வேண்டாம், வழக்கறிஞர் வேண்டாம், வைத்தியர் வேண்டாம். படித்த நாம் ஒரு சங்கத்திற் புகுந்தால் மூன்று மாதத்தில் மேசையின் தலைப்பக்கம் போய்விடுவோம். இந்த நாட்டுச் சங்கங்களின் வரலாறு அதுதானே! கூப்பிட்டால் வருவோம், மனு எழுதுவோம், கிளினிக்கிலே தமிழ் பேசும் ஒருவரை வைக்குமாறு கேட்போம், தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு 1987 முதல் சொல்லிக்கொண்டிருக்கின்றதே, அதைக் காட்டுவோம். விசாரணை என்று அழைக்கப்பட்டவரோடு நீதிமன்றத்துக்குக் கட்டணமின்றி வருவோம். நிலத்தைப் பற்றிய எந்தக் கடதாசியிலும் நோயாளரோ அவர் மனைவியோ ஒப்பமிடுமுன் எம்மிடம் காட்டுங்கள்.

மருந்தைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் கூறியதாக நாளை எவரேனும் சொல்லக்கூடும். நாம் அப்படிக் கூறவில்லை. மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. குறைப்பதாயின் வைத்தியரோடு பேசிப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். ஆனால் அது ஏன் தரப்படுகின்றது, எத்தனை நாளுக்கு, உடம்பிலே என்ன செய்யும் என்று கேட்பது நோயாளரின் உரிமை. தனியே போய்க் கேட்க அஞ்சுபவர் இருவராய்ப் போகலாம். இரவில் ஒருவருக்கு உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். அழைத்துவிட்டு அவரைத் தனியே விட்டு எழுந்து போகாதீர்கள்.

முதற் கூட்டம் எங்கே என்று கேட்டார்கள். கோயில் மண்டபமும் வேண்டாம், கட்சிக் காரியாலயமும் வேண்டாம்; இரண்டிலும் ஊர்க்கண் இருக்கும். உக்குவளையில் வாசிகசாலை அறையொன்று ஞாயிறு பிற்பகலிற் கிடைக்கும் என்கின்றார்கள். கந்தேநுவரையிலிருந்தும் எல்கடுவையிலிருந்தும் வருவோர்க்கு பஸ் கட்டணத்தை இக்கூட்டத்தில் இருக்கும் உத்தியோகத்தர் பகிர்ந்துகொள்வர். வருவோர் பெயர் எங்கும் எழுதப்படாது. பேச விரும்பாதவர் பேசாமல் இருக்கலாம்.

நாம் பேச வேண்டியது இவ்வளவுதான். பின்வரிசையில் இருவர் எழுந்து நிற்கின்றனர். அவர்கள் முதலிற் பேசட்டும். தலைவர் அவர்கள் ஒலிபெருக்கியை அங்கே கொண்டுபோகச் சொல்ல வேண்டும்.